லைப்ரரி மிஸ் ஏன் கொம்பியூட்டரோடு இருக்கிறார்? – ஒரு சின்ன வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள்.

எமது ஊர் நூலகத்தைப் பற்றி இந்த நாட்களில் ஒரு கதை அடிபடுகின்றது. "லைப்ரரி மிஸ் புத்தகம் குடுக்கிறத விட்டுட்டு முழு நாளும் கொம்பியூட்டரையும் போனையும் நோண்டிக்கொண்டு இருக்கிறா" என்பதுதான் அந்தக் கதை. சபைக்கு ஒரு முறைப்பாடு எழுதி, கையொப்பம் சேர்ப்பதாகவும் கேள்விப்படுகின்றோம். கையொப்பம் வைப்பது அவரவர் உரிமை. அதைத் தடுப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. ஆனால் அவர் செய்துகொண்டிருப்பது என்ன வேலை, உலகத்தில் மற்ற நூலகர்கள் அந்த வேலையை எப்படிப் பழகினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கையொப்பம் வைத்தால் நல்லது. அதற்காகத்தான் இந்த வரலாறு.

முதலில் ஒரு கணக்கு வாத்தியாரின் கதை.

சியாளி இராமாமிருத ரங்கநாதன் மதராஸ் மாகாணத்தில் கணிதம் படிப்பித்தவர். மங்களூர், கோயம்புத்தூர், பிறகு மதராஸ் பிரசிடென்சிக் கல்லூரி. 1924 இல் மதராஸ் பல்கலைக்கழகத்துக்கு முதலாவது நூலகராக நியமிக்கப்பட்டார். நூலகத்தைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. போன சில நாட்களிலேயே வெறுத்துப்போய்விட்டது. மாணவர்களின் சத்தத்தோடு இருந்த மனிதனுக்கு அந்த வெறும் மண்டபத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. திரும்பவும் வகுப்பறைக்கே விடுங்கள் என்று கேட்டார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகத் தொழிலைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்று அனுப்பிவைத்தார்கள்.

லண்டனில் படித்ததைவிடப் பார்த்ததுதான் அவரை மாற்றியது. ஏராளமான நூலகங்களுக்குப் போய் வந்தார். அங்குள்ள ஒரு பெரிய கடையில், செல்ஃப்ரிட்ஜஸ் என்று பெயர், மெக்கானோ என்ற பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை வைத்து ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார். அதே துண்டுகள், அதே ஆணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை பாலம், ஒரு தடவை பாரந்தூக்கி. புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, தேவைக்கேற்பப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933 இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கின்றார். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் அவர் போட்ட முக்காற்புள்ளிதான் அந்த ஆணி. இன்றைக்கு உலகத்தில் நூலகவியல் படிக்கும் எவரும் இந்த மனிதரைத் தாண்டிப் போக முடியாது.

விளையாட்டுச் சாமானிலிருந்து ஒரு நூலகர் பழகினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இவருக்கும் எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1933 இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் தன்னுடைய வீட்டிலேயே புத்தகங்களை வைத்து ஆட்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து அதை ஒரு முறையான நூலகமாக்கினார்கள். அது வளர்ந்து, பெரிய கட்டடம் கட்ட வேண்டும் என்று வந்தபோது ஆலோசனை கேட்கப்பட்டவர்களில் ஒருவர் இதே ரங்கநாதன். 1959 இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் அந்தப் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அச்சுப் புத்தகம் எரிந்தால் வேறெங்காவது இன்னொரு பிரதி கிடைக்கலாம். ஓலைச்சுவடியும் கையெழுத்துப் பிரதியும் ஒரே ஒரு பிரதிதான். அவை எரிந்தால் எரிந்ததுதான்.

நூலகர் என்றால் புத்தகத்தைப் பூட்டிப் பாதுகாப்பவர் என்றுதான் எம்மில் பலர் நினைக்கின்றோம். ஒரே இடத்தில் பூட்டி வைத்ததெல்லாம் ஒரே இரவில் போகும் என்பதை எமது நாட்டைப் போல அறிந்த நாடு குறைவு. உலகத்து நூலகர்கள் வேறு காரணத்துக்காக, அதாவது வேலைப்பளுவைக் குறைப்பதற்காக, பகிரத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவின் கொங்கிரஸ் நூலகத்தில் 1960களில் ஹென்ரியெட் அவ்ரம் என்ற பெண் கணினி நிரலாளர், நூற்பட்டியல் அட்டையைக் கணினி வாசிக்கக்கூடிய விதத்தில் எழுதும் முறையை உருவாக்கினார். மார்க் என்பது அதன் பெயர். அவர் நூலகர் படிப்புப் படித்தவரே அல்ல. 1971 இல் ஒஹையோ மாநிலத்து நூலகங்கள் ஒரு பொதுக் கணினியில் ஒரே பட்டியலைப் பகிரத் தொடங்கின. ஒரு நூலகம் ஒரு புத்தகத்தைப் பதிந்தால் மற்றவர்கள் அதை மீண்டும் பதியத் தேவையில்லை. எமது ஆசிரியர்கள் ஒருவர் தயாரித்த வினாத்தாளை மற்றப் பாடசாலைக்கும் கொடுப்பது போலத்தான்.

ஆனால் அதெல்லாம் நூலகருக்கும் நூலகருக்கும் இடையில் நடந்த பகிர்வு. வாசகர் அதில் இல்லை. 2000களில்தான் அது மாறியது.

அந்தச் சில வருடங்களில் எவ்வளவு வேகமாகக் கருவிகள் வந்தன என்று பாருங்கள். 2001 இல் விக்கிப்பீடியா. 2003 இல் டெலிசியஸ், அதாவது நமக்குப் பிடித்த இணையப் பக்கங்களைக் குறித்து வைத்து மற்றவர்களுக்கும் காட்டும் தளம். 2004 இல் போட்டோ பகிரும் பிளிக்கர். 2005 இல் யூடியூப்; அதே ஆண்டில், வீட்டில் உள்ள புத்தகங்களை யாரும் பட்டியலிட்டு மற்றவர்களோடு ஒப்பிடக்கூடிய லைப்ரரிதிங். இந்தக் கடைசித் தளத்தில் சாதாரண வாசகர்கள் நூலகரின் வேலையைத் தாங்களாகவே, சம்பளம் இல்லாமல், ஆசையோடு செய்யத் தொடங்கினார்கள். நூலகர்களுக்கு அது ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். நூலகத்துக்கு வந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது மேசைக்குப் பின்னால் இருபது வருடம் இருந்தவருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஷார்லொட் நகரம் வருகின்றது. அந்த நகரமும் சுற்றியுள்ள மெக்லன்பேர்க் பிரதேசமும் சேர்ந்து நடத்தும் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்ற பெண், பொதுச் சேவைகளின் தொழில்நுட்பப் பொறுப்பாளராக இருந்தார். பல கிளைகள், நூற்றுக்கணக்கான ஊழியர்கள். எல்லோருக்கும் இந்தப் புதிய கருவிகளைப் பழக்க வேண்டும். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஒரு மண்டபம் எடுப்போம், ஒரு வளவாளரைக் கூப்பிடுவோம், பவர்பொயின்ட் போடுவோம், பத்து மணிக்குத் தேநீர், ஒரு மணிக்குச் சோற்றுப் பார்சல், மூன்று மணிக்குச் சான்றிதழ். நாங்கள் ஆசிரியர்கள், இந்த வகைச் செயலமர்வுகள் எத்தனைக்குப் போயிருப்போம் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பார்சலில் என்ன கறி இருந்தது என்பது ஞாபகம் இருக்கும்.

புளோவர்ஸ் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்க விசேட நூலகர்களின் சஞ்சிகையில் ஸ்டீபன் ஏப்ரம் என்பவர் அந்த 2006 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இந்த வருடம் செய்து பார்க்கக்கூடிய 43 விடயங்கள் என்பது அதன் சாரம். புளோவர்ஸ் அதை வாசித்துவிட்டு, 43 அதிகம் என்று 23 ஆகக் குறைத்தார். எல்லாமே சின்ன வேலைகள். 2006 ஓகஸ்டில் அதை ஊழியர்களிடம் விட்டார். ஒன்பது வாரம் காலம். வளவாளர் இல்லை, வகுப்பு இல்லை. எல்லாம் இணையத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். தாமாகச் செய்து பார்க்க வேண்டும். விளங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும், என்ன நடந்தது, எங்கே மாட்டிக்கொண்டேன் என்று தமது சொந்த வலைப்பதிவில் எழுத வேண்டும். விரும்பினால் புனைபெயரில் எழுதலாம்.

இந்தப் புனைபெயர் விடயம் எமக்கு மிகவும் பிடித்திருந்தது. வயது போன ஒருவர் பழகும்போது அவருக்குப் பெரிய தடை கணினி அல்ல, வெட்கம்தான். தனக்குத் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கம். ஆசிரியர் பயிற்சியின்போது பிள்ளைகளின் உளவியலை மணிக்கணக்கில் படித்தோம். பெரியவர்கள் எப்படிப் பழகுகின்றார்கள் என்பதற்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஆனால் பாடசாலைக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்தால் அதைப் பழக வேண்டியவர் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுக்குக் காத்திருக்கும் சேர் அல்லவா?

அந்த 23 என்னவென்று கேட்பீர்கள். முழுவதையும் எழுதினால் பதிவு நீளும். சிலதைச் சொல்கின்றோம். முதலாவது வேலை, திட்டத்தைப் பற்றி வாசிப்பது. அவ்வளவுதான். முதல் நாளே முடித்துவிட்டு, "ஒன்று முடிந்தது" என்று சந்தோஷப்படலாம். இரண்டாவது, வாழ்நாள் முழுவதும் பழகுபவர்களிடம் இருக்கும் ஏழரைப் பழக்கங்களைப் பற்றிக் கேட்பது. எட்டு அல்ல, ஏழரை. கடைசி அரைப் பழக்கம் என்னவென்றால், விளையாடுவது. (ரங்கநாதனின் மெக்கானோ ஞாபகம் வருகின்றதா?) மூன்றாவது, தனக்கென்று வலைப்பதிவு தொடங்குவது. ஐந்தாவதில் பிளிக்கர். எட்டாவதில் ஆர்எஸ்எஸ், அதாவது பல தளங்களில் வரும் புதிய செய்திகளை ஒரே இடத்துக்கு வரவழைப்பது. பதினொன்றாவதில் தமது ஐந்து புத்தகங்களை லைப்ரரிதிங்கில் சேர்ப்பது. பதினாறும் பதினேழும் விக்கி: எல்லோரும் எழுதக்கூடிய, எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு பக்கத்தில் போய்த் துணிந்து எதையாவது எழுதிவிட்டு வருவது. இருபதாவது யூடியூப். இருபத்து மூன்றாவது, இவ்வளவையும் செய்து முடித்த அனுபவத்தை எழுதுவது.

பத்தாவது வேலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு படத்தை எடுத்து, இணையத்தில் கிடைக்கும் கருவியால் அதைச் சிரிப்புப் படமாக மாற்றுவது. நூலகத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் நடுவில் அப்படி ஒன்று இருந்தால்தான் மிச்சத்தைச் செய்ய மனம் வரும். ஆரம்பப் பிரிவு டீச்சர்மாருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் இலவசம். எல்லாருடைய பெயரையும் போட்டுக் குலுக்கி ஒருவருக்கு மடிக்கணினி. அமெரிக்காக்காரருக்கும் பரிசு என்றால் ஆசைதான். ஆனால் முக்கியமான விடயம் பரிசு அல்ல. வேலை நேரத்திலேயே இதைச் செய்யலாம் என்று மேலிடம் அனுமதித்திருந்தது. புத்தகத்துக்கு முத்திரை குத்தும் நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து, பழகுவதற்கும் விளையாடுவதற்கும் கொடுத்தார்கள். அந்த ஒன்பது வாரத்தில் ஷார்லொட் நூலகங்களுக்குப் போன வாசகர்களும், "இந்த மிஸ் ஏன் யூடியூப் பார்த்துக்கொண்டு இருக்கிறா?" என்று யோசித்திருப்பார்கள்.

திட்டத்தின் முழு உள்ளடக்கத்தையும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டு யாரும் பிரதி பண்ணலாம், தமக்கேற்ப மாற்றலாம். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னுக்குப் பக்கத்தில் உள்ள யாரா பிளென்டி நூலகங்கள் அதே வருடத்திலேயே எடுத்துக்கொண்டன. பிறகு பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நூலகங்கள் தத்தமது 23 விடயங்களை உருவாக்கின. பகிர்வதைப் பழக்கும் திட்டமே பகிரப்பட்டதால்தான் இவ்வளவு தூரம் போனது. அதே நூலகத்துக்கு 2010 இல் பணக்கஷ்டம் வந்து, சில கிளைகள் மூடப்பட்டு, ஊழியர்கள் பலர் வேலையை இழந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கின்றது என்று நாம் கதை விடக் கூடாது.

பழகியதால் என்ன நடந்தது? அதற்கு நல்ல உதாரணம் ஷார்லொட்டில் அல்ல, வாஷிங்டனில் இருக்கின்றது.

2008 ஜனவரியில் கொங்கிரஸ் நூலகம் தன்னிடமிருந்த 3,000 க்கும் மேற்பட்ட பழைய போட்டோக்களைப் பிளிக்கரில் ஏற்றியது. ஒரு பகுதி 1910களில் செய்தி நிறுவனமொன்று எடுத்தவை. ஒரு பகுதி 1930, 40களில் எடுக்கப்பட்ட வர்ணப் படங்கள். பதிப்புரிமைத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியாத படங்களாகப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். ஏற்றிவிட்டு, "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று பொதுமக்களிடம் விட்டார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று, எமக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டது. அது சின்ன விடயமா?

சனங்கள் சொன்னார்கள். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 2,500 பேர் 67,000 க்கும் மேற்பட்ட குறிச்சொற்களைச் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான கருத்துகள் வந்தன. இது இன்ன தெரு, இவர் இன்ன விளையாட்டு வீரர், அந்தக் கட்டடம் இப்போதும் இருக்கின்றது, இன்றைய படம் இதோ என்றெல்லாம் எழுதினார்கள். பழைய பத்திரிகையைத் தேடி ஆதாரம் காட்டியவர்களும் இருந்தார்கள். வெட்டிக் கதை எழுதியவர்களும் இல்லாமல் இல்லை. நூலகர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்து, 500 க்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல் விபரங்களைத் திருத்தினார்கள். நூலகரின் வேலை குறையவில்லை, கூடியது. "எல்லாம் இன்டர்நெட்டில வந்துட்டுது, இனி லைப்ரரியன் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் பேர் ஆயிரம் கதை சொல்லும்போது எது ஆதாரமுள்ளது என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

இனி இந்த வரலாற்றின் கசப்பான பக்கம்.

ஷார்லொட் ஊழியர்கள் கஷ்டப்பட்டுப் பழகிய கருவிகளில் பல இன்று இல்லை. ஆர்எஸ்எஸ்ஸுக்குப் பாவித்த புளொக்லைன்ஸ் 2010 இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக எல்லோரும் ஓடிப்போய்ச் சேர்ந்த கூகுள் ரீடர் 2013 இல் மூடப்பட்டது. டெலிசியஸ் கை மாறிக் கை மாறி, 2017 இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்தது. அதற்கு முன்பே, லட்சக்கணக்கான சாதாரண ஆட்கள் தம் குடும்பப் பக்கங்களைக் கட்டி வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009 இல் யாஹூ மூடியிருந்தது. 2020 இல் யாஹூ குழுமங்களும் போயின. ஒரு கம்பனி இலவசமாகத் தரும் இடத்தில் எமது சாமான்களை வைத்தால், அந்தக் கம்பனி கடையை இழுத்து மூடும் நாளில் எமது சாமானும் உள்ளேதான்.

அப்படியென்றால் அந்த ஒன்பது வாரமும் வீணா? நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு கருவி போனால் அடுத்ததைத் தொட்டுப் பார்க்கும் துணிச்சல் அவர்களுக்கு வந்துவிட்டது. லம்பிறெட்டாவில் பழகியவர் இன்றைக்கு ஸ்கூட்டி ஓட்டுவதில்லையா? ஆனால் துணிச்சல் வேறு, சாமான் வேறு. சாமானுக்கு எப்போதும் இரண்டாவது பிரதி வேண்டும்.

எமது பக்கம் வருவோம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் வேலையை 1998 இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி அதை முன்னின்று நடத்தினார். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் ஆரம்பமானது. அதன் ஆரம்ப கால உழைப்பில் பெரும் பங்கு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதனுடையது. 2005 இல் எமது நாட்டு எழுத்துகளுக்கென்றே நூலகம் திட்டம் வந்தது. 1981 ஐ மறக்காத ஒரு சமூகத்திலிருந்து அப்படி ஒன்று வந்ததில் ஆச்சரியம் இல்லை. விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளில்தான் அதுவும் ஓடுகின்றது. ஷார்லொட்டில் பதினாறாவது, பதினேழாவது வேலையாகப் பழகினார்களே, அந்த விக்கிதான். அங்கே போய்ப் பாருங்கள். முஸ்லிம் எழுத்தாளர்களின் புத்தகங்கள், எமது ஊர்ப் பக்கத்துச் சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் காசில்லாமல் வாசிக்கலாம். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒப்படைக்கும் ஆய்வுக்கும் இதைவிட என்ன வேண்டும்?

எமது சமூகத்துக்கு அச்சும் பகிர்வும் புதிதல்ல. அறிஞர் சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். தமிழில் வந்த முதல் நாவல்கள் சிலவற்றுள் ஒன்று அது. ஆனால் அச்சிட்டதைக் காப்பாற்றி வைப்பதில் எமக்குக் கிடைத்த அடிகள் கொஞ்சமல்ல. 1978 நவம்பர் சூறாவளி எமது கரையோரத்துக் கூரைகளைக் கொண்டுபோனது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம்தான். உடுத்த உடுப்போடு வந்தவர்கள் அல்பத்தைத் தூக்கிக்கொண்டா வருவார்கள்? ஏறக்குறைய 75,000 பேர் என்று சொல்லப்படும் ஒரு சமூகத்தின் கல்யாணப் போட்டோ, காணி உறுதி, பிள்ளையின் முதலாம் ஆண்டு றிப்போட் எல்லாம் வீட்டோடு விடப்பட்டன. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் போன உயிர்களுக்கு முன்னால் புத்தகத்தைப் பற்றிப் பேச நாக்கு எழாது. இருந்தாலும் உயிர் தப்பியவர்களிடம், வாப்பாவின் முகம் உள்ள ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்று அழுதவர்களை எமது ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்.

இப்போது கேளுங்கள், லைப்ரரி மிஸ் என்ன செய்கின்றார் என்று. நாம் போய் அவரிடமே கேட்டோம்.

அவரை ஒரு நாள் செயலமர்வுக்கு அனுப்பியிருக்கின்றார்கள். அங்கே பத்துக் கருவிகளின் பெயரைச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தைத் தானாகப் பழகுகின்றார். எமது ஊரின் பழைய விளையாட்டுக் கழக மலர், பாடசாலைப் பொன்விழா மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர் என்று நூலகத்தில் கிடப்பவற்றை ஸ்கேன் பண்ணுகின்றார். ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் வைக்கின்றார். "ஸ்கேன் 0047" என்று கிடந்தால் நாளைக்கு யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஆண்டு, மலரின் பெயர், பக்கம் என்று எழுதினால் கிடைக்கும். இதற்கு ஒரு மலருக்கே இரண்டு மூன்று நாள் போகின்றது.

இன்னொரு வேலையும் உண்டு. எமது ஊர் அச்சகங்களில் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள் கிடக்கின்றன. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புள்ளியும் கோடும் ஆங்கில எழுத்துமாகத் தெரியும். கூகுளில் தேடினால் அகப்படாது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்திக்கொண்டிருக்கின்றார். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பது இதற்காகத்தான். மாற்றும் கருவி இலவசமாகக் கிடைக்கும். பிழை திருத்துவதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

"அதெல்லாம் எங்கட வட்ஸ்அப் குரூப்பிலயே இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்கள் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில்தான் பாடம் அனுப்பினோம். அதன் அருமை எமக்குத் தெரியும். ஆனால் வட்ஸ்அப் ஒரு தபால்காரன், பெட்டகம் அல்ல. போட்டோவை அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும். டொகியூமென்டாக அனுப்பினால்தான் உள்ளபடி போகும். போன் பழுதாகினால் எல்லாம் போய்விடலாம். யார் எடுத்த படம், எந்த வருடம், நிற்பவர் யார் என்ற விபரம் மூன்றாவது போவர்டிலேயே கழன்று விழுந்துவிடும். பேஸ்புக்கும் அப்படித்தான். நாம் இதை பேஸ்புக்கில் எழுதிக்கொண்டே இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் இந்தப் பதிவின் ஒரு பிரதி நூலகத்தில் அச்சில் இருக்கும், அதற்கு ஏற்பாடு செய்துவிட்டோம்.

ஒரு விடயத்தில் எம்மவர்களின் தயக்கம் நியாயமானது. பழைய குடும்பப் படங்களில் எமது உம்மாமார், ராத்தாமார் இருக்கின்றார்கள். அவற்றை இணையத்தில் போடுவதா? மிஸ் சொன்ன ஒழுங்கு இதுதான்: வீட்டார் அனுமதி தராத எந்தப் படமும் வெளியில் போகாது. பாதுகாப்புக்காக ஸ்கேன் பண்ணி நூலகத்தின் வன்தட்டில் மட்டும் வைப்பது ஒரு வகை. எல்லோரும் பார்க்க இணையத்தில் ஏற்றுவது இன்னொரு வகை. எது வேண்டும் என்று கொண்டு வருபவரே எழுதிக் கொடுக்கலாம். கொங்கிரஸ் நூலகம்கூடத் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் அள்ளிப் போடவில்லை. தடையில்லாதவற்றைத்தான் தேர்ந்து போட்டது. பாடசாலைச் சேர்வு இடாப்பு, பள்ளிவாசல் கல்யாணப் பதிவு போன்றவற்றில் இன்று உயிரோடு இருப்பவர்களின் விபரங்கள் உண்டு. அவற்றைப் பிரதி எடுத்துப் பாதுகாப்பது அவசியம். பகிரக் கூடாது என்பது எமது கருத்து. பள்ளிவாசல் நிருவாகம் இதைப் பற்றி ஒரு முடிவெடுத்தால் நல்லது.

சபையில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு பின்னேரம், புத்தகம் இரவல் கொடுக்கும் மேசைக்கு ஒரு உதவியாளரை விடுங்கள். வாசகர்கள் காத்திருக்க வேண்டி வருகின்றது என்ற குறை உண்மையானது. அதற்காக மிஸ்ஸைக் கணினியிலிருந்து எழுப்பி முத்திரை குத்தவிடுவதா தீர்வு? ஷார்லொட்டில் கொடுத்தது போல மடிக்கணினி எல்லாம் வேண்டாம். ஒரு வெளி வன்தட்டு இரண்டு வாங்கிக் கொடுங்கள். ஒன்று நூலகத்தில், மற்றது கடலிலிருந்து தூரத்தில் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சிய எமக்கும் வேலை உண்டு. வரும் சனி, ஞாயிறு காலை 9 முதல் 12 வரை பழைய படம், மலர், நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் எதுவானாலும் நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்த இடத்திலேயே ஸ்கேன் பண்ணித் திருப்பித் தரப்படும்; எதையும் விட்டுவிட்டுப் போகத் தேவையில்லை. வருவதற்கு முன் மூத்தம்மாவிடம் காட்டி, நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை மறுபக்கத்துக்கு ஊறும். அல்பத்தில் ஒட்டிப் பிடித்த படங்களைப் பிய்க்க வேண்டாம். அல்பத்தோடு அப்படியே கொண்டு வாருங்கள். 1978 சூறாவளிக்கு முந்திய எமது பழைய சந்தைக் கட்டடத்தின் படம் யாரிடமாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மிஸ் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றார்.